காத்திருக்கச் சொன்ன ரத்தப் புற்றுநோய்

வேலூர் மாவட்டத்தில் மே மாதத்தில் ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் யாரும் டாக்டரைத் தேடி ஓடுவதில்லை. தலையில் நல்லெண்ணெய் வைப்பார்கள், இளநீர் வெட்டுவார்கள், நுங்கு வாங்கி வருவார்கள். சூடு என்று ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். பெரும்பாலும் அது சரியான முடிவுதான். வெயில் 110 டிகிரியை எட்டிப்பார்க்கிற ஊரில் மூக்கின் உள்தோல் வறண்டு வெடிப்பதில் வியப்பில்லை. ஆனால் எங்கள் பெரியத்தைக்கு வந்த ரத்தத்துக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. அவர் உடலில் ஓடிக்கொண்டிருந்த ரத்தமே தடித்துப் போயிருந்தது.

அவருக்கு வந்திருப்பது வால்டன்ஸ்ட்ரோம் மேக்ரோகுளோபுலினீமியா என்ற நோய். பி செல் எனப்படும் வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய்களில் மிக அரிதான ஒன்று. மேற்கத்திய நாடுகளின் கணக்கில் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு; பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதலாக. திரும்பிய பக்கமெல்லாம் மருந்துக்கடையும் பரிசோதனைக்கூடமும் லாட்ஜுமாக இருக்கும் வேலூரிலேயே இந்தப் பெயரைச் சொன்னால் இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள். நோய் உறுதியான காலத்தில் அத்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எளிய தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் சொல்வது இன்னொரு குடும்பத்துக்காவது விளங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை குடியாத்தத்தில் இருக்கிறார். லுங்கி நெய்த குடும்பம். மாமா தறியில் உட்கார்ந்தால் அத்தை பாவுக்கும் தாருக்கும் ஓடிக்கொண்டிருப்பார். உட்கார்ந்து ஓய்வெடுத்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் மதியத்தில் படுக்க ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் வயது என்று நினைத்தார்கள். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. மாத்திரை தீர்ந்தது, களைப்பு தீரவில்லை. அடுத்த பரிசோதனையில், சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற எண் 100-ஐத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

துப்புக் கொடுத்தது மிகச் சாதாரணமான ஒரு பரிசோதனை. கல்லீரலுக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம், அதில் ஒரு வகையான ஆல்புமின் என்று இரண்டு வரிகள் இருக்கும். யாரும் நின்று பார்க்காத வரிகள். அத்தைக்கு ஆல்புமின் சரியாக இருந்தது, மொத்தப் புரதம் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த இடைவெளியில் இருக்கும் புரதம் என்ன என்ற கேள்விதான் எங்களை வேலூருக்கு அனுப்பியது. புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரசிஸ் பரிசோதனையில் ஒரே இடத்தில் கூர்மையான ஒரு பட்டை தெரிந்தது. பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். பெயர் கிடைத்தது.

இனி அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. கிருமி நுழையும்போது அதை அடையாளம் கண்டுகொண்ட பி செல் பெருகி, முதிர்ந்து, பிளாஸ்மா செல்லாகி, எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. ஒரு பி செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். நம் உடலில் கோடிக்கணக்கான பி செல்கள் ஆளுக்கொரு வகை செய்வதால்தான் எந்தக் கிருமி வந்தாலும் யாராவது ஒருவர் தயாராக இருக்கிறார். இந்த நோயில் ஒரே ஒரு பி செல்லின் வாரிசுகள் முழுதாக முதிராமல், பாதி வழியில் நின்றுகொண்டு, மஜ்ஜையில் பெருகுகின்றன. எல்லாமே அச்சுப் பிசகாமல் ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. யாருக்கும் பயன்படாத எதிர்ப்பொருள். எலக்ட்ரோபோரசிஸில் தெரிந்த பட்டை அதுதான்.

அந்த எதிர்ப்பொருளின் வகைக்கு ஐ.ஜி.எம். என்று பெயர். தொற்று வந்ததும் முதலில் களத்தில் இறங்குவது இதுதான். ஐந்து எதிர்ப்பொருள்களை நடுவில் சேர்த்துக் கட்டியதுபோன்ற உருவம். ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஐ.ஜி.ஜி. என்ற வகையைவிட ஆறு மடங்கு எடை. இவ்வளவு பெரிதாக இருப்பதால் ரத்தக் குழாயைவிட்டு எளிதில் வெளியே கசியாது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அது பெருகப் பெருக ரத்தம் தடிக்கிறது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்துப்போய், சோதனைக் குழாயில் வேகமாக அடியில் படிகின்றன. ஈ.எஸ்.ஆர். என்பது அந்த வேகத்தை அளப்பதுதான். காசநோய் இல்லாமலே அத்தையின் எண் 100-ஐத் தாண்டியதற்குக் காரணம் இது.

இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். "பாவுக்குக் கஞ்சி போடுவோமே கண்ணு, அது அளவு மீறிக் கெட்டியாகிவிட்டால் இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தறியில் ஏற்றினால் ஓடாது. அப்படியா?" அப்படியேதான். அதற்குப் பிறகு நான் வரைய வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இந்த நோயை முதலில் எழுதி வைத்தவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர். 1944-ஆம் ஆண்டு. அவரிடம் வந்த இரண்டு நோயாளிகளுக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்தது, ரத்தசோகை இருந்தது, நிணநீர்க் கழலைகள் வீங்கியிருந்தன, ஈ.எஸ்.ஆர். மிக அதிகமாக இருந்தது. இதையொத்த நோய்களில் அப்போது தெரிந்திருந்தது மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய். அதில் எலும்புகள் அரிக்கப்பட்டுத் துளை விழும். இவர்களுடைய எலும்பு எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை. வால்டன்ஸ்ட்ரோம் பணியாற்றிய உப்சாலாவில் ஒரு வசதி இருந்தது. 1926-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற தியோடர் ஸ்வெட்பெரி, புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் அதிவேகச் சுழற்சி இயந்திரத்தை அங்கேதான் உருவாக்கியிருந்தார். அந்த நோயாளிகளின் ரத்தத்தை அதில் இட்டபோது மிகப் பெரிய புரதம் ஒன்று தனியாகப் பிரிந்து நின்றது. பெரிய பெரிய ஆய்வுக் குழுக்கள் இல்லாத, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டே இரண்டு நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து ஒரு மனிதர் எழுதியது இன்றுவரை நிற்கிறது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

மைலோமாவையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் ஒரு வரி. அதில் எலும்பும் சிறுநீரகமும் முன்னால் அடிபடும். இதில் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பாதிப்பு ரத்தத்தின் ஓட்டத்திலும், மஜ்ஜையின் வேலையிலும், சிலருக்கு நரம்புகளிலும் தெரியும். சிகிச்சையும் வேறு.

பெயர் தெரிந்த அன்று வீட்டுப் பெரியவர்கள் எடுத்த முதல் முடிவு, அத்தையிடம் சொல்லக்கூடாது என்பது. ரத்தசோகை என்று மட்டும் சொல்வோம், மனம் உடைந்துவிடும் என்றார்கள். நம் குடும்பங்களில் இது புதிதல்ல, அன்பினால் செய்வதுதான். ஆனால் ரத்தவியல் டாக்டர் அத்தையையே எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் யாரும் எதிர்பாராத ஒன்றையும் சொன்னார்: "அம்மா, இப்போது மருந்து எதுவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்."

புற்றுநோய் என்கிறார், மருந்து வேண்டாம் என்கிறார். அத்தை மகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் கோபத்தைப் புரிந்துகொள்ள வேலூரைத் தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்காகவே மக்கள் வந்து இறங்குகிற ஊர் இது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவ இல்லம்தான் பின்னாளில் சி.எம்.சி. மருத்துவமனை ஆனது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே அங்கே தொடங்கிவிட்டது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்களுக்காகக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. லாட்ஜ் அறையிலேயே அடுப்பு வைத்து மீன் குழம்பு சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து காட்பாடியில் இறங்குபவர்கள் இருக்கும்போது, ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் வந்துவிட்ட நம்மைப் பார்த்து வீட்டுக்குப் போ என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். சென்னைக்குப் போகலாம் என்று ஒருவர், சித்த வைத்தியம் பார்க்கலாம் என்று ஒருவர், பணம் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் என்று ஒருவர். அந்த மாதங்களில் அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு யோசனை இருந்தது.

ஆனால் டாக்டர் சொன்னதுதான் உலகம் முழுவதும் இந்த நோய்க்குப் பின்பற்றப்படும் முறை. மருந்து தேவைப்படும் அளவுக்கு உடலில் தொந்தரவு இல்லாதபோது அதைக் கொடுப்பதால் ஆயுள் நீளும் என்பதற்குச் சான்று இல்லை. மருந்தின் தீமைகள் மட்டும் முன்கூட்டியே வந்து சேரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், அறிகுறி இல்லாத நிலையில் கண்டறியப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றி வெளிப்பட்டது. பத்து ஆண்டுகளான பின்னும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த நிலையை எட்டவே இல்லை. அந்த மூன்றில் ஒருவராக அத்தை இருக்கக்கூடும் என்ற வாய்ப்பை முதல் நாளிலேயே எதற்காகப் பறிக்க வேண்டும்?

எப்போது மருந்து தொடங்குவது என்பதற்கும் தெளிவான வரையறைகள் உண்டு. நோயினால் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போவது, பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே போவது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவு, கழலையோ மண்ணீரலோ பெரிதாகித் தொந்தரவு தருவது, கால் நரம்புகள் பழுதாவது, ரத்தம் தடித்ததன் அறிகுறிகள். ஐ.ஜி.எம். அளவு ஏறுவது மட்டுமே மருந்து தொடங்கக் காரணம் ஆகாது. டெசிலிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும் அளவுக்கு மிக உயர்ந்தால் மட்டும் ஆபத்து வருமுன் யோசிப்பார்கள். ரிப்போர்ட்டில் கறுப்பு எழுத்தில் தடித்துத் தெரியும் எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்கள் இதைப் பலமுறை படிக்க வேண்டும்.

அந்த வரையறைகளில் பாதி, பரிசோதனைக்கூடத்தில் தெரியாதவை என்பதைக் கவனியுங்கள். இரவில் வியர்க்கிறதா, கண்ணில் மங்கல் இருக்கிறதா, பாதத்தில் பஞ்சு வைத்ததுபோல் இருக்கிறதா, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதா என்பதெல்லாம் அத்தை மட்டுமே சொல்லக்கூடியவை. தனக்கு என்ன நோய் என்றே தெரியாத ஒருவர் இவற்றில் எதை எதோடு சேர்த்துப் பார்ப்பார்? கால் மரத்தால் சர்க்கரை என்பார், கண் மங்கினால் கண்புரை என்பார், மூக்கில் ரத்தம் வந்தால் சூடு என்பார். எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. நோயாளியிடம் மறைத்துவிட்டு இந்த நோயைக் காத்திருந்து பார்ப்பது முடியவே முடியாத காரியம். அத்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அன்று நடந்த வாக்குவாதத்தில் நான் டாக்டர் பக்கம் நின்றேன். இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

உலகறிந்த ஒருவரின் கதையும் இதில் உண்டு. பிரான்ஸ் அதிபர் ழார்ஜ் பாம்பிடு 1974 ஏப்ரலில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். இந்த நோய்தான். முகம் ஊதிப்போய் அவர் பொது இடங்களில் தோன்றியபோதும் சளிக்காய்ச்சல் என்றே நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியாவின் அதிபர் ஹுவாரி பூமெதியன் 1978 டிசம்பரில் இறந்ததும் இதே நோயால்தான். அந்தக் காலத்தில் கையில் இருந்த மருந்துகள் மிகக் குறைவு. இன்று நிலைமை அப்படி இல்லை.

அத்தை காத்திருந்தார். சில ஆண்டுகள். வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை எடையும், வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் அதையும் எழுதினார். பிறகு ஒரு வைகாசி. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெளியூர்களில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்து இறங்கும் நாள். அதற்கு முந்தைய வாரம் அத்தைக்கு மூக்கில் ரத்தம் வரத் தொடங்கியது. உள்ளே இருந்த உறவினர்கள் ஒரே குரலில் சூடு என்றார்கள். இளநீர் வந்தது. அத்தை அதை வாங்கிக் குடித்துவிட்டு என்னை அழைத்தார். "இது வெயில் ரத்தம் இல்லை கண்ணு. நிற்கவே மாட்டேன் என்கிறது. நேற்றிலிருந்து காலண்டரில் எழுத்தும் தெரியவில்லை. திருவிழா முடியட்டும் என்று இருக்கக்கூடாது." மறுநாள் காலை கே.வி. குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் கார் பிடித்தோம்.

கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தவுடனே விஷயம் தெரிந்துவிட்டது. உடலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை அறுக்காமல் கொள்ளாமல் நேராகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் கண்ணின் பின்புறம்தான். அங்கே சிரைகள் விரிந்து, இடையிடையே இறுகி, முடிச்சு முடிச்சாக நின்றன. சில இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது. ரத்தம் தடித்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. இந்த நோய் உள்ளவர்கள் கண் பரிசோதனையைக் கண்ணாடி மாற்றுவதற்கானது என்று நினைக்காமல், விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் உயிர் காக்கும் ஒரு செய்தி. அத்தையின் ஹீமோகுளோபின் அன்று குறைவாக இருந்தது. உடனே ரத்தம் ஏற்றலாமே என்று யாருக்கும் தோன்றும். ஏற்றக்கூடாது. ஏற்கெனவே தடித்திருக்கும் ரத்தத்தில் இன்னும் சிவப்பணுக்களைச் சேர்த்தால் ஓட்டம் மேலும் மந்தமாகும். மூளையிலும் இதயத்திலும் விபரீதம் நடக்கலாம். அதோடு, இந்தப் புரதம் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடி, ஹீமோகுளோபின் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். முதலில் செய்ய வேண்டியது பிளாஸ்மா மாற்று. ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு, அணுக்களை ஆல்புமின் கரைசலோடு சேர்த்து மறுபடி உடலுக்குள் அனுப்புவார்கள். ஐ.ஜி.எம். பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே தங்குவது இங்கே நமக்குச் சாதகமாகிறது, எடுத்தால் வந்துவிடுகிறது. வெளியே வந்த பிளாஸ்மாப் பையைத் தூக்கிப் பார்த்தேன். கலங்கிய மஞ்சள் நிறத்தில், பை சாய்ந்த பக்கம் மெதுவாக நகர்ந்தது. முதல் முறை முடிந்ததுமே மூக்கில் ரத்தம் நின்றது. அடுத்த சில நாட்களில் எழுத்தும் தெரிந்தது.

ஆனால் இது தற்காலிகம். சுரக்கும் செல்கள் மஜ்ஜையில் அப்படியேதான் இருக்கின்றன. சில வாரங்களில் நிரப்பிவிடும். அதற்குள் மருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பாதைகள் எங்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று, ஊசி மருந்துகளின் கூட்டு: பெண்டமஸ்டினும் ரிட்டுக்ஸிமேபும். மாதம் ஒரு சுற்று, நான்கிலிருந்து ஆறு சுற்றுகளில் முடிந்துவிடும். பெண்டமஸ்டின் 1963-இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியில் உருவானது. பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கமே பல பத்தாண்டுகள் கிடந்துவிட்டு, 2008-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிட்டுக்ஸிமேப், பி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு அந்தச் செல்லை அழிக்கும் எதிர்ப்பொருள். 1997-இல் வந்தது. 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு ஈடான உயிர்ஒப்பு மருந்தை இந்தியாவில் கொண்டுவந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் கைக்கு ஓரளவு எட்டியது.

இன்னொன்று, மாத்திரை. அதன் பின்னணி 2012-இல் தொடங்குகிறது. ஸ்டீவன் டிரியான் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் புற்றுச் செல்களில் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தபோது, எம்.ஒய்.டி.88 என்ற மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே எழுத்துப் பிழை பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இருப்பதைக் கண்டார்கள். கிருமி வந்தால் மட்டும் ஒலிக்க வேண்டிய உத்தரவு, இந்தப் பிழையால் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. செல் சாகாமல் பெருகுகிறது. இந்த உத்தரவு கடந்துபோகும் வழியில் பி.டி.கே. என்ற நொதி இருக்கிறது. அதை அடைப்பதுதான் மாத்திரையின் வேலை. இப்ருட்டினிப் 2015 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நோய்க்கென்றே அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. 2021-இல் ஜானுப்ருட்டினிப் வந்தது. இதயத் துடிப்புத் தாறுமாறாகும் தொல்லை இதில் குறைவு. மாத்திரைதானே என்று இலகுவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மருந்து வேலை செய்யும்வரை நாள்தோறும் தொடர வேண்டியது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஐ.ஜி.எம். சட்டென்று எகிறக்கூடும். ரத்தக் கசிவு கூடும் என்பதால் பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முடிகிற மருந்தா, முடியாத மருந்தா என்பது நெசவாளர் குடும்பத்துக்கு மருத்துவக் கேள்வி மட்டுமல்ல. மாதாமாதம் மாத்திரைக்குப் பணம் புரட்டுவதை நினைத்துப் பார்த்து, முடிகிற மருந்தையே அத்தை தேர்ந்தெடுத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதைத் தொடங்குமுன்பே காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். பாதியில் தெரியவந்தால் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

ரிட்டுக்ஸிமேப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கணிசமானோருக்கு இது முதலில் ஐ.ஜி.எம். அளவை ஏற்றிவிட்டு, பிறகுதான் இறக்கும். ஏற்கெனவே அளவு உச்சத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தற்காலிக ஏற்றமே ஆபத்து என்பதால், தொடக்கச் சுற்றில் அதைத் தள்ளிவைப்பார்கள். அத்தைக்கும் தள்ளிவைத்தார்கள். இரண்டாவது, ஹெபடைட்டிஸ் பி. எப்போதோ வந்து அடங்கிப்போன அந்த வைரஸை இந்த மருந்து எழுப்பிவிட்டுக் கல்லீரலைக் கெடுத்துவிடும். முதல் ஊசிக்கு முன் அதற்கான பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்விக்கும் வருகிறேன். பாலாற்றுத் தண்ணீர் காரணமா? தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை ஆற்றையும் கிணற்றையும் நாசமாக்கியது உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அந்தக் கோபம் எனக்கும் குறையாமல் இருக்கிறது. ஆனால் அந்தக் கழிவால் இந்த நோய் வருகிறது என்று நிறுவும் சான்று இல்லை. மரபணுப் பிழையும் பெரும்பாலும் பிறவியிலேயே வருவதல்ல. வாழ்நாளில் ஒரு செல்லில் நேர்வது. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பி செல் நோய்கள் வருவதுண்டு என்பதால் ரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. அத்தை என்ன பாவம் செய்தார், எதைச் சாப்பிட்டார் என்ற ஆராய்ச்சியை மட்டும் உறவினர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை முடிந்துவிட்டது. ஐ.ஜி.எம். வெகுவாக இறங்கியது, சுத்தமாகப் போகவில்லை. இந்த நோயில் பெரும்பாலும் போவதும் இல்லை. உடல் நன்றாக இருந்தால் எண்ணைத் துரத்த வேண்டாம் என்பது டாக்டரின் முடிவு. மறுபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம். என்றாவது நோய் திரும்பினால் மாத்திரை இருக்கிறது. முதல் மருந்து நீண்ட காலம் வேலை செய்திருந்தால் அதையே திரும்பக் கொடுப்பதும் உண்டு. அத்தை மதியத்தில் படுப்பதை நிறுத்திவிட்டார். கால் விரல்களில் மட்டும் லேசான மதமதப்பு தங்கிவிட்டது. நரம்பைத் தொட்ட பாதிப்பு முழுதாகத் திரும்புவது கடினம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அவருடைய சுருக்குப்பையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சீட்டு இருக்கிறது. வெளியூரில் எங்காவது மயங்கி விழுந்தால், முன்பின் தெரியாத டாக்டர் பார்ப்பதற்காக. டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு எழுதியது. வேண்டியவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இதைப்போல் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

"எனக்கு வால்டன்ஸ்ட்ரோம் மேக்ரோகுளோபுலினீமியா இருக்கிறது. ரத்தம் தடித்திருக்கக்கூடும். மூக்கிலோ ஈறிலோ ரத்தம், பார்வை மங்கல், தலைவலி, குழப்பம் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அதைப் பார்க்காமல் ரத்தம் ஏற்றாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யப்பட்டது, அந்த வைரஸ் இல்லை. பெண்டமஸ்டினும் ரிட்டுக்ஸிமேபும் பெற்றிருக்கிறேன். என் ரத்தவியல் டாக்டரின் எண் பின்பக்கத்தில்."